ஸ்கிப்பருக்கு இரண்டு பேர் வேண்டும்

வடிவு இறந்துபோன செய்தி எனக்கு சுந்தரம் வழியாகத்தான் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை. கல்கத்தாவில், கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து டைப்ரைட்டரில் உட்கார்ந்து காலத்தைக் கழித்தவள் நான். அவள் மகன் பாபு பெஹாலாவில் ஒரு மருந்துக்கடையிலிருந்து முதலில் எங்கள் செக்‌ஷனுக்குத்தான் போன் போட்டிருக்கிறான். எங்கள் போன் அன்று செத்துக் கிடந்தது. அடுத்தபடியாகப் பவானிபூரில் சுந்தரம் வேலை பார்க்கும் வங்கிக்குப் போட்டான், கிடைத்துவிட்டது. சுந்தரம் அங்கிருந்து டாக்ஸியில் வந்து என் மேஜைக்கு எதிரில் நின்று, "சரோஜா மேடம், வடிவு மேடம் போயிட்டாங்க" என்றார். "உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். "காலையிலேயே" என்றார். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

நம் தமிழ்ச் சங்கத்தின் இந்த நினைவு மலரைப் படிக்கிறவர்களில் பாதிப்பேருக்குச் சங்கரவடிவைத் தெரியும். சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்தி முடியும்வரை உட்காராத அம்மாள் என்று சிலர் சொல்வீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு வண்ணத்துப்பூச்சி பார்க்க வந்தவர்கள் வேறு மாதிரி சொல்வீர்கள். உங்களில் ஒவ்வொருவரும் தான்தான் அவளுக்கு நெருக்கமானவர் என்று நினைத்துக்கொண்டிருப்பதை இரங்கல் கூட்டத்தில் பார்த்தேன். நினைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது நான் அறிந்த வடிவைப் பற்றி.

அறுபதுகளின் கடைசியில், புருஷன் இறந்தபின் கிடைத்த வேலைக்கு அவள் வந்து சேர்ந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கல்கத்தா வந்தவள், கையில் சின்னப் பையன். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். என் தமிழில் பாதி வங்காளம். அவள் பேசுவதைக் கேட்கவே எனக்கு ஆசையாக இருக்கும். மதியம் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்த மதிலோரம் போய் உட்காருவோம். அங்கே வெட்டுக்காயப் பூண்டு மண்டிக்கிடக்கும். வண்ணத்துப்பூச்சிப் பைத்தியம் அப்போது எனக்கு மட்டும்தான். புத்தகம் வைத்திருந்தது நான், பெயர்கள் தெரிந்தது எனக்கு. இதையும் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியவை, வண்ணமானவை. ஸ்கிப்பர் என்று ஒரு கூட்டம் இருக்கிறது: நகத்தளவு, தவிட்டு நிறம், தடித்த உடம்பு, குதித்துக் குதித்துப் பறக்கும். பார்க்கிறவர்கள் விட்டில்பூச்சி என்று தள்ளிவிட்டுப் போவார்கள். நானும் தள்ளிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் அந்தப் பூண்டில் இரண்டு உட்கார்ந்திருந்தன. வடிவு மோர்சாதத்தைப் பிசைந்தபடி, "ஏட்டி, இது ரெண்டும் ஒண்ணு இல்லை" என்றாள். ஒன்றுதான் என்று நான் சாதித்தேன். "பொட்டை எண்ணாத. பொட்டு எப்படி நிக்குதுன்னு பாரு" என்றாள். குனிந்து பார்த்தேன். ஒன்றின் பின்சிறகில் வெள்ளைப் பொட்டுகள் ரேஷன் கடை வாசலில் நிற்பதுபோல ஒரே வரிசையில் நின்றன. மற்றதில் வில்லாக வளைந்திருந்தன. புத்தகத்தில் அது இருந்தது. நான் படித்தும் இருந்தேன். படித்தது என் கண்ணுக்கு வரவில்லை. படிக்காத அவளுக்கு வந்தது. எனக்குள் பொறாமை புகுந்தது அந்த மதியம்தான், இன்றுவரை அது வீட்டைக் காலி செய்யவில்லை.

அவளுக்கு ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையும், ஆனால் பிடிக்காது. தானாகவே பெயர் வைத்தாள். நேர்வரிசைப் பொட்டு வைத்தது 'வரிசைக்காரி'. நெல்வயல் ஓரமாக அலைவது 'வயக்காட்டாள்'. ஆண்பூச்சிக்கு முன்சிறகில் சாய்வாகச் சாம்பல் கோடு விழுந்த இனத்துக்குக் 'கோட்டுக்காரன்'. அதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் பிரிப்பதற்குள் பெரிய பெரிய ஆட்களே திணறிப்போவார்கள். கோட்டுக்கு மேலே, சிறகின் நடுவில் இரண்டு சின்னப் புள்ளி இருக்கும். அந்த இரண்டு புள்ளியையும் மனசுக்குள் ஒரு நூலால் இணைத்துக் கீழே இழுக்க வேண்டும். நூல் சாம்பல் கோட்டில் தட்டினால் அது ஊரெல்லாம் இருக்கும் வகை. தட்டாமல் தப்பிப் போனால் அபூர்வ வகை. 'தட்டுதவன்', 'தப்புதவன்' என்றாள் வடிவு. பூச்சி வெயில் காய முன்சிறகைப் பாதி தூக்கி விரித்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் இதையெல்லாம் பார்த்துவிட வேண்டும். பெண்பூச்சிக்குக் கோடே கிடையாது என்பதால் அதைக் கண்டால் அவள் வாயில் ஒரே பதில்தான்: "தெரியல."

அவளை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனது நான். பவானிபூரில் ஹோமியோபதி மருந்துக்கடை வைத்திருந்த அனிமேஷ்தா தலைமையில் படகேறி, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பெரிய தோட்டத்துக்குப் போவோம். யார் முதலில் பெயர் சொல்கிறார்களோ அவர் பெயரில் அந்தப் பூச்சி ஏறும். ஸ்கிப்பரில் மட்டும் எப்போதும் சண்டை வரும். அதனால் அனிமேஷ்தா ஒரு சட்டம் போட்டார். "ஸ்கிப்பார் ஹோலே துஜோன் சாய்." ஸ்கிப்பர் என்றால் இரண்டு பேர் வேண்டும். பார்த்தவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசாமல், ஆளுக்கொரு பக்கமாக அவர் காதில் வந்து பெயர் சொல்ல வேண்டும். இரண்டு காதிலும் ஒரே பெயர் விழுந்தால்தான் அன்றைய பட்டியலில் ஏறும். அந்த இரண்டு பேர் எப்போதுமே நானும் வடிவும்தான். வலது காது எனக்கு, இடது காது அவளுக்கு. மற்றவர்கள் சிரிப்பார்கள், எனக்கு அது பெருமை. பட்டியலில் 'ஷொரோஜா-பாடிபு' என்று அனிமேஷ்தா தன் வங்காள நாக்கில் எங்கள் பெயர்களைச் சேர்த்தே வாசிப்பார். கணவன் மனைவி பெயரைக்கூட யாரும் அப்படிச் சேர்த்து வாசித்து நான் கேட்டதில்லை.

எழுபதுகளின் பின்பாதியில் சுந்தரம் வந்தார். மெட்ராஸிலிருந்து மாற்றலாகிப் பவானிபூர் கிளைக்கு வந்த அதிகாரி. கழுத்தில் கேமரா, அதற்கு முழநீளக் குழல், யாரைப் பார்த்தாலும் மேடம். நல்ல மனிதர்தான், சுந்தரம் இதைப் படிப்பார் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. இரண்டாவது ஆள் வேண்டுமே என்று அனிமேஷ்தா தன் வலது காதை சுந்தரத்துக்குக் கொடுத்திருக்கிறார். எல்லாம் பொருந்தியதாம். அடுத்த வாரம் நான் போனபோது சுந்தரம் வலது பக்கம் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விலகினார், மரியாதை தெரிந்தவர். வடிவு, "இருக்கட்டும், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சொல்லுங்க" என்றுவிட்டாள். மாற்றி மாற்றி! அன்று கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கேட்டுவிட்டேன். "அந்த ஆள் என்னைவிட நன்னா பாக்கறாரா?"

"அவரு எங்க பாக்காரு? போட்டா பிடிக்காரு" என்றாள் கார்பன் தாளைச் சொருகியபடி. "படம் கழுவி வந்தா நின்னு நிதானமா பாக்கலாம்லா. பூச்சி நமக்காவ நிக்குமா?"

"அப்ப நான் வேண்டாமா?"

"ஏட்டி, உனக்குக் கூறு இருக்கா?" என்று சொல்லிவிட்டு டைப் அடிக்கத் தொடங்கிவிட்டாள். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இனி நான் சொல்லப்போவதை எங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஒரு விதமாகக் கேட்டிருப்பீர்கள். நடந்தது இதுதான். ஒரு குளிர்கால மதியம் நான் மட்டும் முன்னால் மதிலோரம் போனேன். பூண்டின் மேல் ஒரு கோட்டுக்காரன், வெயிலுக்கு முன்சிறகைத் தூக்கி விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு புள்ளியையும் பார்த்தேன். நூலை இழுத்தேன். தப்பிப் போயிற்று. மறுபடி இழுத்தேன், தப்பிப் போயிற்று. எங்கள் பட்டியலில் அதுவரை ஏறாத தப்புதவன். அனிமேஷ்தா வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தது எங்கள் அலுவலகப் பின்கட்டில், என் கண்முன்னால் இருந்தது. ஓடிப்போய் வடிவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். நாங்கள் வந்து சேரவும் அது சிறகை மடக்கவும் சரியாக இருந்தது. அவள் முழங்காலை மடித்து உட்கார்ந்து பார்த்தாள். பொறுமையாகத்தான் பார்த்தாள். பூச்சி மதிலைத் தாண்டி ஆற்றுப்பக்கம் பறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அனிமேஷ்தாவின் வலது காதில் நான் பெயரைச் சொன்னேன். இடது காதில் வடிவு போனாள். அவர் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. "தெரியல" என்று சொல்லியிருக்கிறாள்.

படகில் திரும்பும்போது நான் அவளோடு பேசவில்லை. இறங்கியபின் தானாகவே வந்து, "நீ சொன்னது சரியாத்தாம் இருக்கும்" என்றாள்.

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நான் வரும்போது அது சிறகை மடக்கிட்டு. பாக்காததை எப்பிடிச் சொல்லுவேன்?"

"எனக்காகச் சொல்லக்கூடாதா?"

"உனக்காவச் சொன்னா அது பூச்சி இல்லட்டி, தயவு" என்றாள். "உனக்குத் தயவா வேணும்?"

வேண்டும் என்றுதான் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அவள் சொன்னது நியாயம் என்று இன்று எல்லோரும் சொல்வீர்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த மழைக்காலம் முடிந்து சுந்தரம் அக்கரைத் தோட்டத்தில் ஒரு கோட்டுக்காரனைப் படம் பிடித்தார். கழுவிக் கொண்டுவந்த படத்தில் இரண்டு புள்ளியும் கோடும் அச்சடித்ததுபோலத் தெரிந்தன. வடிவு தலையில் மாட்டிய ஒரு ஹேர்ப்பின்னை உருவி, படத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். தப்பிப் போயிற்று. அனிமேஷ்தா 'ஷுந்தோர்-பாடிபு' என்று பட்டியலில் ஏற்றினார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்வது? இனிப்பு வாங்கி வந்தவர்கூட நான்தான் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை.

அவளோடு கோபித்துக்கொண்டு விலகிப் போயிருக்கலாம். முடியவில்லை. அலுவலகத்தில் மேஜையை மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்பு வந்தபோதும் நான் கேட்கவில்லை. காரணம் நட்பு என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில், நான் இல்லாத இடத்தில் அவள் எதைப் பார்ப்பாள், அதை யாரிடம் சொல்வாள் என்ற நினைப்பை என்னால் தாங்க முடியாது. அவளுக்கு ஏதாவது தெரிந்தால் அது எனக்கு முதலில் தெரிய வேண்டும்.

கடைசி வருடம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. பெஹாலா வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். நான் போகும்போதெல்லாம் சுந்தரம் எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருப்பார். பவானிபூரில் மெட்ரோவுக்காகச் சாலையெல்லாம் தோண்டிப் போட்டிருந்த நாட்கள் அவை. எப்படித்தான் எனக்கு முன்னால் வந்து சேர்வாரோ தெரியாது. ஒருநாள் மட்டும் அவர் இல்லை. பால்கனித் தொட்டியில் வடிவு பிடுங்கவிடாமல் வைத்திருந்த புல்லில் ஒரு ஸ்கிப்பர் வந்து உட்கார்ந்தது. இருவரும் ஒரே சமயத்தில் பார்த்தோம். காது கொடுக்க அனிமேஷ்தா அங்கே இல்லை. வடிவு தன் மருமகள் மிட்டுவைக் கூப்பிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்க வைத்தாள். வங்காளிப் பெண், பூச்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் ஒரு காதில் வரிசைக்காரி என்றேன். வடிவு இன்னொரு காதில் எதையோ சொன்னாள். மிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மில்சே நா, மா" என்றாள், பொருந்தவில்லையாம்.

"வயக்காட்டாள்ட்டி அது" என்றாள் வடிவு.

"வரிசை நேரா நிக்கறது, உனக்குக் கண் தெரியலை."

"நேராவா? உன் மூக்குதாம் நேரா நிக்கி."

விளக்கு வைக்கும்வரை சண்டை போட்டோம். அவள் முகத்தில் ரத்தம் ஏறி, பழைய வடிவாக இருந்தாள். மிட்டு அவளைச் சாப்பிட வைக்க வேண்டும் என்று என்னை வெளியே அனுப்பினாள். பஸ்ஸில் வரும்போது, நான் சொல்வது சரி என்று ஒருமுறை சொல்லிவிட்டால் இவளுக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசும் நிலையில் இல்லை.

இரங்கல் கூட்டம் சங்கத்தின் மாடியில் நடந்தது. அனிமேஷ்தா பேச எழுந்து, பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். சுந்தரம் எழுந்தார். எனக்கு முன்னால் அவரைக் கூப்பிட்டார்கள் என்பதையும் குறித்துக்கொண்டேன். நிறைய நல்ல விஷயங்கள் சொன்னார். முடிக்கும்போது, "ஒரு தடவை வடிவு மேடம் எங்கிட்ட சொன்னாங்க. நம்ம குரூப்லயே சரோஜா மேடத்துக்குத்தான் உண்மையான பார்வை இருக்கு, மத்தவங்கள்லாம் அவங்களைப் பாத்துக் கத்துக்கிட்டவங்கதான்னாங்க" என்றார். சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. கண்ணீர் விடுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு நெஞ்சு பற்றிக்கொண்டு எரிந்தது. அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் சொல்லாததை, நேற்று வந்த இவரிடம் எதற்குச் சொன்னாள்?

மாடிப்படியில் அவரை மறித்தேன். "எப்போ சொன்னா?"

"அவங்க படுக்கையில விழறதுக்கு முந்தின மழைக்காலத்துல மேடம். தோட்டத்துலேர்ந்து திரும்பி வர்றப்ப, படகுல."

"நான் எங்க இருந்தேன்?"

"நீங்க அன்னிக்கு முன்னாடி உக்காந்திருந்தீங்க. உங்களைப் பாத்துக்கிட்டேதான் சொன்னாங்க."

என் முதுகைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். நான் திரும்பியிருந்தால் நிறுத்தியிருப்பாள், அவளை எனக்குத் தெரியும். "எந்த வார்த்தையில சொன்னா? அப்படியே சொல்லுங்கோ" என்றேன். சுந்தரம் யோசித்தார். "உங்களுக்கு நல்ல அப்சர்வேஷன்னு..." என்றார். மேடையில் பார்வை என்றீர்களே என்றேன். "ஆமா, பார்வை... இல்ல, கண்ணுன்னாங்களோ?" என்றார். மூன்றாம் முறை கேட்டபோது வேறு மாதிரி சொன்னார். பாவம், பொய் சொல்லவில்லை. அவருக்கு அர்த்தம் மட்டும்தான் நினைவில் இருந்தது. அவள் பேசிய பேச்சு அவர் காதில் தங்கவில்லை. ஒவ்வொரு முறையும் வங்கியின் தமிழாகத்தான் அது வெளியே வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து, சமையலறையில் விளக்கைப் போடாமல் நின்றுகொண்டு, அதை நானே சொல்லிப் பார்த்தேன். "கண்ணுன்னா அவளுக்குத்தாம் கண்ணு. நாமெல்லாம் அவ பொறத்தால நின்னு பாத்தவங்கதானே." சொன்னதும் அவளேதான். 'அவளுக்குத்தாம்' என்பதில் அவள் கொடுக்கும் அந்த அழுத்தம், 'பொறத்தால' என்னும்போது லேசாக இழுப்பது, சொல்லி முடித்ததும் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுபோல உடனே புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொள்வது, எல்லாம் வந்தன. அப்போதுதான் நன்றாக அழுதேன்.

வடிவிடமிருந்து எனக்கு என்ன கிடைத்தது என்று மலர்க்குழுவினர் கேட்கிறார்கள். அவள் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை சுந்தரத்துக்குக் கிடைத்தது. அதை நினைத்தால் இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது, எரியட்டும். ஆனால் அவள் அதை எப்படிச் சொல்லியிருப்பாள் என்பது அவருக்குத் தெரியாது. இந்த ஊரில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். வார்த்தையை அவர் வைத்துக்கொள்ளட்டும். குரல் என்னிடம் இருக்கிறது, அதை யாரோடும் பங்கு போடுவதாக இல்லை.